பதினெட்டு வெள்ளை, பதினேழு சிவப்பு

நோத்ர-டாம்-த-கிரேஸ்
14.01.2024

தனுஜன்,

சுகமாக இருப்பீங்கள் என்று நினைக்கிறேன். நானும் இருக்கிறேன். போனில் கதைத்தால் சண்டையில்தான் முடியும், அதனால் எழுதுகிறேன். என்னோடு இருக்கிற சிவாஜினி வேலைக்குப் போகும்போது உங்கள் தபால்பெட்டியில் போட்டுவிடுவாள்.

மே மாதக் கடைசியில் அம்மாவுக்குக் கொழும்பில் இதய வால்வு ஒப்பரேஷன். அதுவரைக்கும் மனதைக் குழப்புகிற எதுவும் அவவின் காதில் விழக்கூடாது என்று டொக்டர் சொல்லியிருக்கிறார். காதில் எப்படியும் விழாது, அது வேறு கதை. கண்ணிலும் படக்கூடாது. நான் நவம்பரில் வீட்டை விட்டு வந்தது அவவுக்குத் தெரிய வேண்டாம். பிள்ளை உண்டானதே அவவுக்குத் தெரியாது; அது தங்காமல் போனதும் தெரிய வேண்டாம். ஒப்பரேஷன் முடிந்த பிறகு நானே நேரில் போய்ச் சொல்லுவேன்.

ஆனால் நீங்கள் எழுதுவதை நிறுத்த வேண்டாம். என்னுடைய போன் அவவுக்குப் பாதிதான் கேட்கும், உங்கள் கடிதத்தைத்தான் மூன்று தரம் வாசிப்பா. அது வராவிட்டால் சுன்னாகத்துத் தபால்காரனுக்கு நிம்மதி இருக்காது. நீங்கள் பொய் சொல்லத் தெரியாத ஆள், முயற்சி செய்யவும் வேண்டாம். என்னைப் பற்றி ஒன்றும் எழுதாதேங்கோ. வேலையைப் பற்றி எழுதுங்கோ. மெஷின், குழாய், ஏதோ ஒன்று.

என்னுடைய கூறைச்சேலை அலுமாரி மேல்தட்டில் இருக்கிறது. பிறகு எடுக்கிறேன். அதைத் தொட வேண்டாம்.

நிரோஜா


பார்க் எக்ஸ்டென்ஷன்
21.01.2024

அன்புள்ள மாமி,

இங்கே சுகத்துக்குக் குறைவில்லை. உங்கள் நெஞ்சு எப்படி? மாத்திரையை நேரத்துக்கு எடுக்கிறீர்களா, அல்லது முன்போல ‘மறந்துபோனன்’தானா? பொங்கல் வாழ்த்து பிந்திவிட்டது. வெளியே மைனஸ் இருபத்திரண்டு, கையுறையோடு பேனை பிடிக்க வராது.

வேலையைப் பற்றி எழுதுகிறேன். ‘மருமகன் ஏசி திருத்துறார்’ என்று நீங்கள் ஊரில் சொல்வது பாதி உண்மை. ஏசி கோடைக்கு. குளிர்காலத்தில் இந்த ஊர்க் காற்று கருவாடு மாதிரிக் காய்ந்துவிடும். அப்போது கட்டடங்களுக்கு ஈரமூட்டி வேண்டும். போன கிழமை துறைமுகத்துப் பக்கம் ஒரு களஞ்சியத்துக்கு அனுப்பினார்கள். யாரோ ஒரு பணக்காரர் பழைய துணிகளைச் சேர்த்து அங்கே வைத்திருக்கிறார். ஈரப்பதம் ஐம்பது வீதத்தில் நிற்க வேண்டிய அறை, முப்பத்தொன்றில் நின்றது. பார்த்தால் ஒரு வால்வு அடைப்பு. உங்களைப் போலத்தான். அரை மணி நேர வேலை.

களஞ்சியத்துக்குப் பொறுப்பானவன் பேனாட். என் வயதுதான் இருக்கும், இந்த ஊர்ப் பிரெஞ்சுக்காரன். மேசை முழுக்க ஒரு குவில்ட்டை விரித்து வைத்திருந்தான். குவில்ட் என்றால் மூன்று அடுக்குப் போர்வை. மேலே துண்டு துண்டாக வெட்டிப் பொருத்திய துணி, நடுவில் பஞ்சு, கீழே முழுத்துணி. மூன்றையும் சேர்த்துக் கையால் நூலோடியிருக்கும். நூற்றைம்பது வருடத்துக்கு முன் பண்ணைப் பெண்கள் செய்தது. எனக்கு இந்த அலங்காரச் சாமான்களில் அக்கறை இல்லை, உங்களுக்குத் தெரியும். ஆனால் இது இரண்டே நிறம், சிவப்பும் வெள்ளையும். ஊரில் கோயில் மதிலைப் பிடுங்கி மேசையில் விரித்தது போலிருந்தது.

பேனாட் கேட்டான்: “நீ மெஷின் பாக்க வந்தனியோ, துணி பாக்க வந்தனியோ?”

“மெஷின் முடிஞ்சுது. இது ஏன் ரெண்டு நிறம்? துணி காணாமலோ?”

“சாயம் காணாமல்.”

அந்தக் காலத்தில் தோய்த்தாலும் ஓடாத சாயம் இரண்டுதானாம். துருக்கிச் சிவப்பு என்று ஒன்று, மற்றது அவுரி நீலம். மிச்சமெல்லாம் இரண்டு தோயலில் வெளிறிவிடும், அல்லது வெள்ளையில் இறங்கி நாசமாக்கிவிடும். ஆகவே நம்பக்கூடிய ஒரு நிறம், அதோடு வெள்ளை. அழகுக்காகச் செய்யவில்லை, சாயத்தின் குணத்துக்காகச் செய்திருக்கிறார்கள். அதுதான் எனக்குப் பிடித்தது. இன்னொன்று: பல நிறம் என்றால் தையல் பிசகு கண்ணில் படாது. இரண்டு நிறத்தில் ஒரு நூல் விலகினாலும் பிடிபட்டுவிடும். ஒளிக்க இடமே இல்லை.

கோலத்தின் பெயர் ‘பீற்றரிடம் பறித்துப் போலுக்குக் கொடுத்தல்’. சிவப்புச் சதுரத்தின் நாலு பக்கத்திலும் பிறை பிறையாக வெட்டியெடுத்து, அந்தப் பிறைகளைப் பக்கத்து வெள்ளைச் சதுரத்தில் வைக்கிறார்கள். வெள்ளையில் வெட்டியது சிவப்புக்குப் போகிறது. தள்ளி நின்று பார்த்தால் வட்டம் வட்டமாகத் தெரியும். எது கோலம், எது தரை என்று சொல்ல முடியாது. நான் பத்து நிமிடம் பார்த்தேன். முடியவில்லை.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். பதில் போடுங்கள்.

மருமகன்
தனுஜன்


சுன்னாகம்
18.02.2024

அன்புள்ள தம்பி தனுஜனுக்கு,

கடிதம் வந்தது. நெஞ்சு தன்பாட்டில் ஓடுகிறது. மாத்திரை எடுக்கிறேன், நம்பினால் நம்புங்கள். உங்களுக்குக் குளிரால் இருமல் வரவில்லையே? போன வருடம் வந்தது. மல்லி அவித்துக் குடியுங்கள், சிரிக்காமல் குடியுங்கள்.

முப்பத்தாறு வருடம் கேத்திரகணிதம் படிப்பித்தவளுக்கு ‘பிறை பிறையாக’ என்று எழுதினால் போதுமா? வட்டத்தின் ஆரை என்ன? பிறை சதுரத்தின் மூலைவரை போகிறதா, முன்னதாக நிற்கிறதா? படம் கீறி அனுப்புங்கள். நான் மணலில் விரலால் கீறிப் பார்த்தேன். பக்கத்து வீட்டுக்காரி நான் நாவூறு கழிக்கிறேன் என்று நினைத்து ஓடிவந்தாள்.

பீற்றரிடம் பறித்துப் போலுக்கா! இதைத்தானே நாங்கள் கடைத்தேங்காயை எடுத்து வழிப்பிள்ளையாருக்கு உடைக்கிறது என்போம். பண்ணைக்காரிக்குத் தேங்காய் கிடைக்கவில்லை, பாவம். இனி இதற்குக் கடைத்தேங்காய் என்றே பெயர் வைத்துக்கொள்வோம்.

ஒரு குறை. உங்கள் கடிதத்தின் அடியில் நிரோஜா எழுத வழமைபோல இடம் விட்டிருந்தீர்கள். அந்த இரண்டு வரியைக் காணவில்லை. கேட்டுச் சொல்லுங்கள்.

பிள்ளைகள் இருவரும் சுகமாக இருக்க அம்பாளை வேண்டும்,

மாமி
சிவநேசம்


பார்க் எக்ஸ்டென்ஷன்
12.03.2024

அன்புள்ள மாமி,

சுகமே. இருமல் இல்லை. மல்லி குடித்தேன், சிரிக்கவில்லை. உங்கள் ஒப்பரேஷன் திகதி உறுதியா? சத்திரசிகிச்சைக்காரர் இதற்கு முன் எத்தனை செய்தவர் என்று கேட்டீர்களா? கேளுங்கள், வெட்கப்பட வேண்டாம்.

இரண்டு வரி பற்றிக் கேட்டிருந்தீர்கள். நிரோஜா பிள்ளைகளைப் பராமரிக்கும் கார்டரியில் வேலை கூட. நான் கடிதம் எழுதும் நேரத்தில் அவள் இல்லை.

படம் பின்பக்கத்தில் இருக்கிறது. அளவோடு கீறியிருக்கிறேன். பிறை மூலைவரை போகிறது.

களஞ்சியத்துக்கு இப்போது வேலை இல்லாவிட்டாலும் போகிறேன். வடிகட்டி மாற்ற வேண்டும் என்று சொல்லிக்கொண்டு. பேனாட்டுக்குத் தெரியும். “உன்ர வடிகட்டிக்கு என்ன வேணும் இண்டைக்கு, சிவப்பா நீலமா?” என்கிறான். நீல வெள்ளையில் ஒன்று காட்டினான். குடிகாரன் பாதை என்று பெயர், கோடு தள்ளாடித் தள்ளாடிப் போகும். அதன் கீழே ஆண்பிள்ளைகளைப் படுக்கவிட மாட்டார்களாம், வீட்டை விட்டுப் போய்விடுவான்கள் என்று. விசர்க்கதை. போகிறவர்கள் எதன் கீழே படுத்தாலும் போவார்கள்.

இன்னொன்று சின்னது. ஒரு முழத்துக்குச் சற்றுக் கூட, சதுரம். சிவப்பு வெள்ளை, கடைத்தேங்காய்க் கோலம்தான். தொட்டில் பிள்ளைக்குச் செய்தது. அதில் ஒரு விசேஷம் உண்டு. பழைய குவில்ட்டெல்லாம் தோய்த்துத் தோய்த்துப் பஞ்சு சுருங்கி, மேற்பக்கம் கிழவி முகம் மாதிரி இருக்கும். இது தட்டையாக இருந்தது. சிவப்பு நேற்றுச் சாயம் போட்டது போல. நூலோடுவதற்குக் கீறிய பென்சில் கோடுகூட அழியவில்லை. அப்படியென்றால் ஒருநாளும் தண்ணீரில் போடவில்லை. பாவிக்கவே இல்லை. ஏன் பாவிக்கவில்லை என்று பேனாட் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. வைத்துவிட்டு வந்துவிட்டேன்.

நான் ஒன்று தைக்கப் போகிறேன். சிரிப்பதென்றால் இப்போதே சிரித்துவிடுங்கள். பழைய தையல் மெஷின் ஒன்று வாங்கினேன், ஊசியும் கொக்கியும் நேரம் தப்பி ஓடின, சரிசெய்துவிட்டேன். பன்னிரண்டு அங்குலச் சதுரம். அகலத்துக்கு ஐந்து, நீளத்துக்கு ஏழு. மொத்தம் அறுபதுக்கு எண்பத்துநாலு அங்குலம். வளைவுத் தையல்தான் கஷ்டம் என்கிறான் பேனாட். பார்ப்போம்.

மாத்திரை.

மருமகன்
தனுஜன்


சுன்னாகம்
08.04.2024

அன்புள்ள தம்பி,

உங்கள் கடிதம் கண்டு நலம் அறிந்தேன். இங்கே சித்திரை வெயில் மண்டையைப் பிளக்கிறது. ஒப்பரேஷன் திகதி உறுதிதான். ‘எத்தினை செய்தனீங்கள்’ என்று கேட்டேன். டொக்டர் சிரித்துவிட்டு, ‘ரீச்சரோ?’ என்றார்.

படம் நன்று. கணக்கில் ஒன்று யோசித்தீர்களா? ஐந்துக்கு ஏழு முப்பத்தைந்து, ஒற்றை எண். நாலு மூலையும் ஒரே நிறமாக வரும். அந்த நிறத்துக்குப் பதினெட்டுச் சதுரம், மற்றதுக்குப் பதினேழு. யாருக்குக் குறைக்கப் போகிறீர்கள்?

இன்னும் ஒரு சின்னக் கேள்வி. அறுபது அங்குல அகலம் போதுமா? உங்கள் கட்டில் அகலம் என்ன?

இந்த முறையும் அடியில் இடம் வெறுமையாகத்தான் இருந்தது. பரவாயில்லை.

நேரத்துக்குச் சாப்பிடுங்கள் தம்பி. மெலிந்திருப்பீர்கள் என்று எனக்கு ஒரு நினைப்பு.

மாமி
சிவநேசம்


பார்க் எக்ஸ்டென்ஷன்
29.04.2024

அன்புள்ள மாமி,

இது உங்கள் கையில் கிடைக்கும்போது கொழும்புக்குப் போக ஆயத்தமாக இருப்பீர்கள். பயப்பட வேண்டாம். இந்த ஒப்பரேஷன் நூற்றில் தொண்ணூற்றேழு சரிவரும். பழுதான வால்வை மாற்றாமல் விடுவதுதான் ஆபத்து.

குறைவது சிவப்புக்கு. மூலை வெள்ளை. பதிலுக்கு நடுச் சதுரம் சிவப்புக்குக் கிடைக்கிறது. கணக்குச் சரியா?

அகலம் போதும். கட்டில் முப்பத்தொன்பது அங்குலம். பக்கத்துக்குப் பத்தரை அங்குலம் தொங்கும். அதற்குமேல் துணி வீண்.

ஆனால் வேலை நாசம். ஜீன்-தலோன் தெருவில் துணிக்கடைக்காரியிடம் ‘இது சாயம் ஓடுமோ’ என்று கேட்டேன். ‘அண்ணை, சத்தியமா ஓடாது’ என்றாள். ஆறு சதுரம் பொருத்தி முடித்த பிறகு சோதனைக்காக ஒன்றை நனைத்தேன். வெள்ளையெல்லாம் ரோசா. வினாகிரியில் ஊறவைத்தேன், உப்பில் ஊறவைத்தேன், ஓடிக்கொண்டே இருந்தது. முதலில் சிவப்பைத் தனியாகத் தோய்த்துப் பார்த்திருக்க வேண்டும். எந்த மடையனும் அதைத்தான் செய்வான். நான் செய்யவில்லை. ஆறையும் குப்பையில் போட்டேன். மூன்று கடை ஏறி இறங்கிவிட்டேன், ஓடாத சிவப்பு இந்த நகரத்தில் இல்லை. நூற்றைம்பது வருடத்துக்கு முன் பண்ணையில் இருந்தது, இப்போது இல்லை.

வேறு விசேஷம் இல்லை. ஒப்பரேஷன் முடிந்ததும் யாரையாவது கொண்டு ஒரு வரி எழுதுவியுங்கள். ‘முடிந்தது’ என்று ஒரு சொல் போதும்.

மருமகன்
தனுஜன்


நோத்ர-டாம்-த-கிரேஸ்
09.06.2024

தனுஜன்,

சுகம்தானே. ஒப்பரேஷன் நல்லபடி முடிந்தது. அம்மா சுன்னாகத்துக்குத் திரும்பிவிட்டா. நீங்கள் கட்டடத்துக் கீழே சிவாஜினியை மறித்து மூன்று தரம் கேட்டதாகச் சொன்னாள். அவவிடமிருந்து உங்களுக்குக் கடிதம் வராததுக்கு வேறு காரணம் இல்லை, கை நடுங்குகிறது, அவ்வளவுதான்.

நான் அடுத்த மாதம் ஊருக்குப் போகிறேன். எல்லாவற்றையும் சொல்லப் போகிறேன். அதற்குப் பிறகு நீங்கள் அம்மாவுக்கு எழுத வேண்டாம், தனுஜன். கோபத்தில் சொல்லவில்லை. நான் அவவோடு கதைக்கும்போதெல்லாம் மேசையில் உங்கள் கடிதம் கிடந்தால், நான் எங்கே போய் இருக்கிறது?

நிரோஜா


பார்க் எக்ஸ்டென்ஷன்
12.06.2024

நிரோஜா,

சுகமாக இருப்பீர். ஒப்பரேஷன் சரிவந்தது பெரிய ஆறுதல்.

ஊருக்குப் போய்ச் சொல்லும். அது உமது உரிமை. ஆனால் எழுத வேண்டாம் என்று மட்டும் சொல்லாதேயும். என்னுடைய அம்மா எனக்கு ஆறு வயது வரைக்கும்தான் இருந்தா. அதற்குப் பிறகு, ‘சாப்பிட்டீங்களோ’ என்று கேட்டு எனக்கு ஒருவர் எழுதியது இருபத்தெட்டு வயதில், எங்கள் கலியாணத்துக்குப் பிறகு. சாமான் ஒன்றும் நான் கேட்கவில்லை. பெரிய கட்டிலை விற்றுவிட்டேன், அதன் நடுவில் படுக்கவும் முடியவில்லை, ஓரத்தில் படுக்கவும் முடியவில்லை. பாதி பாதியாகப் பிரிக்கிறதென்றால் எல்லாவற்றையும் பிரிக்கலாம். மாமியை எப்படிப் பிரிக்கிறதென்று எனக்குத் தெரியவில்லை.

மேலே ஒரு வரியை வெட்டியிருக்கிறேன். வாசிக்க முடிந்தால் வாசியும். முடியாவிட்டால் விடும்.

தனுஜன்


சுன்னாகம்
28.07.2024

அன்புள்ள தம்பி தனுஜனுக்கு,

சுகம் கேட்டால் நீங்கள் பதில் எழுத வேண்டிவரும், அதனால் கேட்கவில்லை. நீங்கள் சுகமாக இருக்க வேண்டும், அவ்வளவுதான். எனக்குள் இப்போது ஓடுவது மாட்டு வால்வாம். ஆயுள் முழுக்க முட்டைகூடத் தொடாதவளுக்குள் மாடு. அம்பாளுக்கு என்ன பதில் சொல்வதென்று யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

நிரோஜா வந்து முதல் கிழமை வாய் திறக்கவில்லை. ஒருநாள் மத்தியானம் சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தவள், “அம்மா, ஒண்டு சொல்லவேணும்” என்றாள்.

“சொல்லத் தேவையில்லை. தெரியும்.”

“ஆர் சொன்னது?”

“உன்ர மனுசன்தான். கட்டில் முப்பத்தொன்பது அங்குலம் எண்டு எழுதியிருக்கிறார்.”

அவள் சிரித்தாள் தம்பி. ‘அந்தாள் அப்பிடித்தான்’ என்று சொல்லிச் சிரித்தாள். சிரித்துவிட்டுத்தான் அழுதாள்.

மார்ச் மாதமே அறுபது அங்குலம் என்று எழுதியிருந்தீர்கள், ஒருவர் மட்டும் போர்க்கிற அகலம். அப்போதே எனக்குச் சந்தேகம். உறுதிப்படுத்தத்தான் கட்டிலைக் கேட்டேன். தெரிந்துகொண்டுதான் ஒப்பரேஷன் மேசையில் படுத்தேன். நீங்கள் இரண்டு பேரும் எனக்குத் தெரியாது என்று நினைத்து நிம்மதியாக இருந்தீர்கள். அதை ஏன் கெடுப்பான் என்று இருந்துவிட்டேன்.

பிள்ளை விஷயம் எனக்குத் தெரியாது. அதையும் சொன்னாள். ஆஸ்பத்திரியில் நீங்கள் ‘நாலிலை ஒண்டு இப்பிடித்தான் போறது’ என்று சொன்னதையும் சொன்னாள். கணக்குச் சரி. என் வகுப்பில் என்றால் முழுப் புள்ளி போட்டிருப்பேன். ஆனால் அவள் அப்போது கட்டிலில் கிடந்தாள், தம்பி.

தொட்டில் குவில்ட்டைப் பற்றி நீங்கள் எழுதியதை எடுத்து அவளுக்கு வாசித்துக் காட்டினேன். பென்சில் கோடு என்ற இடம் வந்ததும் எழும்பிக் கிணற்றடிக்குப் போய்விட்டாள். கனநேரம் வரவில்லை. வந்து, ‘இதை ஏன் எனக்குச் சொல்லேல்லை’ என்றாள். நீங்கள் அதை எனக்கு எழுதிவிட்டீர்கள். அவளுக்கு எழுதியிருக்கலாம்.

மனம் மாறுவாளா என்று கேட்டுப் பார்த்தேன். ‘இல்லையம்மா’ என்றாள். இனி நான் உங்களுக்கு எழுதக் கூடாது என்றும் கேட்டாள். சம்மதித்துவிட்டேன். நியாயமா என்று என்னிடம் கேட்காதீர்கள். நான் பெற்றது அவளைத்தான்.

இந்தப் பார்சலில் என்னுடைய கூறை இருக்கிறது. வெட்டுங்கள். ஓடாத சிவப்பு இல்லையென்று எழுதியிருந்தீர்கள். தொண்ணூற்றைந்தில் நாங்கள் ஊரோடு இடம்பெயர்ந்தபோது செம்மணி வெளியில் கொட்டிய மழையில் இது பையோடு நனைந்தது. கூட இருந்த அவரின் வெள்ளை வேட்டியில் ஒரு பொட்டுச் சாயம் இறங்கவில்லை. நான் அவருக்கு முந்தியிருந்தால் இதை என்மேல் போர்த்து அனுப்பியிருப்பார்கள். அவர் முந்திவிட்டார். இனி எனக்கு இதில் வேலை இல்லை. நிரோஜாவின் கூறை உங்கள் அலுமாரியில் இருக்கிறதாம். கையில் கத்தரிக்கோல், கடையில் சிவப்பு இல்லை. உங்கள் புத்தி எப்படிப் போகும் என்று எனக்குத் தெரியும். அதைத் தொட வேண்டாம், அவளிடம் கொடுத்துவிடுங்கள்.

பார்சல் கிடைத்தது என்று ஒரே ஒரு கடிதம் நீங்கள் எழுதலாம். அதற்கு மகளிடம் அனுமதி வாங்கிவிட்டேன். ஒன்றுதான்.

நேரத்துக்குச் சாப்பிடுங்கள்.

சிவநேசம்


பார்க் எக்ஸ்டென்ஷன்
10.11.2024

அன்புள்ள மாமி,

உங்கள் சுகத்தை இனி யாரிடம் கேட்பதென்று தெரியாது. ஆகவே இதில் கேட்டுவிடுகிறேன். சுகமாக இருங்கள். மாட்டு வால்வு பதினைந்து வருடம் தாங்கும். வாசித்துப் பார்த்தேன். சில பேருக்கு இருபது.

பார்சல் கிடைத்தது. ஓகஸ்டிலேயே கிடைத்தது. நிரோஜா கீழே டெப்பனர் கடையில் கொடுத்துவிட்டுப் போயிருந்தாள். மேலே என் வீட்டில் விளக்கு எரிந்தது, நான் இருந்தேன். படியேறவில்லை. ஒரு கடிதம்தான் என்று நீங்கள் சொன்னபடியால் வேலை முடியும்வரை வைத்திருந்து எழுதுகிறேன்.

அலுமாரி விஷயத்தில் நீங்கள் பயந்தது சரி. இதற்குமேல் எழுதவில்லை. நிரோஜாவின் கூறை மடிப்புக் கலையாமல் சிவாஜினியிடம் போய்விட்டது.

உங்களுடையதைப் பேனாட்டிடம் கொண்டுபோய்க் காட்டினேன். கையுறை போட்டுக்கொண்டுதான் தொட்டான். “இதை வெட்டப் போறியோ?” என்றான். “அவ வெட்டச் சொன்னவ” என்றேன். “ஆர் அவ?” என்று கேட்டான். மாமி என்ற சொல்லுக்கு அவனுடைய பாஷையில் ‘அழகான அம்மா’ என்று சொல்ல வேண்டும், அப்படித்தான் வைத்திருக்கிறார்கள். சொன்னேன். அவனுக்கு அது சாதாரணம். மேசையைத் துடைத்துத் தந்தான். முதல் வெட்டை அங்கேதான் வெட்டினேன்.

பட்டு வழுக்கும். வளைவில் ஊசி ஏறாமல் ஓடும். நாலு சதுரத்தை மூன்று தரம் பிரித்துத் தைத்தேன். இரண்டு இடத்தில் பிறை மூலையில் சேரவில்லை, ஒரு நூல் விலகல். இரண்டு நிறம்தானே, பார்த்த உடனே தெரியும். அப்படியே விட்டுவிட்டேன். சிவப்பு முழுவதும் உங்களுடையது. பதினெட்டு வெள்ளை, பதினேழு சிவப்பு, நடு சிவப்பு. மிச்சச் சேலையை மடித்து வைத்திருக்கிறேன்.

ஒரு தொழில்நுட்பக் குறை இருக்கிறது, அதையும் சொல்லிவிட வேண்டும். பட்டும் பருத்தியும் ஒரே அளவில் சுருங்காது. ஒருமுறை தண்ணீரில் போட்டால் ஒன்றை ஒன்று இழுத்துத் தையல் முழுக்கப் பிரிந்துவிடும். இது எனக்குத் தொடங்க முதலே தெரியும். தெரிந்துகொண்டுதான் தைத்தேன். ஆகவே இதைத் தோய்க்க மாட்டேன். நூலோடக் கீறிய பென்சில் கோடு அப்படியே இருக்கிறது.

குளிர் திரும்பிவிட்டது. நேற்று இராத்திரி முதல் தரம் போர்த்தேன். பக்கத்துக்குப் பத்தரை அங்குலம் தொங்குகிறது. கணக்குச் சரி.

மூன்று நேரமும் சாப்பிடுகிறேன். மாத்திரையை மறக்க வேண்டாம்.

மருமகன் என்று போடலாமா தெரியவில்லை,
தனுஜன்

அடியில் இரண்டு வரிக்கு இடம் விட்டிருக்கிறேன். கை பழகிவிட்டது.